கடைசிப் படகு ஐந்து மணிக்கு

தம்பி,

போன வாரம் மடவளைக்கு என் வீடு தேடி ஒரு தாள் வந்தது. தடித்த தாள், தங்க ஓரம், போதாததற்குப் பன்னீர் வேறு தெளித்திருந்தார்கள். கந்தோர்ப் பியோன் அதைத் தட்டில் வைத்துக் கல்யாணக் கடிதம் போல நீட்டினான். கம்பெனித் துரை வேலையிலிருந்து விலகிச் சீமைக்குப் போகிறாராம். கம்பெனிக்குக் கார் ஓட்டுகிறவர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டு அவருக்கு வாழ்த்துப் பத்திரம் கொடுக்கிறோமாம். மூத்தவன் என்பதால் முதல் கையெழுத்து என்னுடையதாம்.

நான் வாசித்துப் பார்த்தேன். "கப்பற் பிரயாணிகள் கடைசிப் படகைத் தவறவிடாதபடி அரிய திட்டம் வகுத்த பெருந்தகையே" என்று ஒரு வரி இருந்தது. அந்த வரியோடு நிறுத்தினேன். தாளை மடிக்காமல், கசக்காமல், அதே தட்டில் வைத்துத் திருப்பிக் கொடுத்தேன்.

"நானா, கையெழுத்துப் போடலையா?" என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டான் பியோன்.

"எனக்கு எழுதத் தெரியாதுன்னு செல்லு," என்றேன்.

அவன் சிரித்தான். மாதாமாதம் கந்தோரில் என் கையெழுத்தை வாங்குகிறவனே அவன்தான். நான் சிரிக்கவில்லை. அவன் போன பிறகு உன்னை நினைத்துக்கொண்டு வெகுநேரம் கார்க் கொட்டகையில் உட்கார்ந்திருந்தேன். திட்டம் வகுத்தவன் யார் என்று இந்தக் கண்டியில் ஒருவருக்கும் தெரியாமல் போகுமா? நான் உயிரோடு இருக்கும்வரை போகாது. அதனால்தான் எழுதுகிறேன், நீ வாசிக்கப் போவதில்லை என்று தெரிந்தும்.

உன் மேசையை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வரும். கம்பெனிக் கந்தோரின் பின்னறையில், சன்னலோரம், ஒரு கால் ஆடும் மேசை. அதன் மேல் கொழும்பிலிருந்து வந்த தந்தி, ஒரு கைப்பிடி புளியங்கொட்டை, ஏழு தீப்பெட்டி. புளியங்கொட்டை படகு, தீப்பெட்டி கார். வெளியிலிருந்து பார்த்தால் பெரிய மனிதன் ஒருவன் பாண்டி ஆடுகிறான் என்றுதான் நினைப்பார்கள். நானும் முதல் நாள் அப்படித்தான் நினைத்தேன்.

கொழும்புத் துறைமுகத்தில் பெரிய கப்பல் கரையோடு வந்து நிற்பதில்லை. நடுவில் நங்கூரம் போட்டு நிற்கும். ஆட்களைச் சின்ன லோஞ்சுப் படகுகளில் ஏற்றி, கரையில் இறங்குதுறையான ஜெட்டிக்குக் கொண்டுவந்து விடுவார்கள். முதல் வகுப்புக்காரர் முதல் படகில் ஏழு மணிக்கே வந்து தொப்பியைச் சரிசெய்துகொண்டு நிற்பார்கள். இரண்டாம் வகுப்பும் பிள்ளை குட்டிக்காரர்களும் நடக்க மாட்டாத கிழங்களும் வந்து சேர எட்டரை, ஒன்பது ஆகிவிடும். எல்லோருக்கும் பார்க்க வேண்டியது ஒரே கண்டி. தலதா மாளிகை, வாவி, பேராதனைத் தோட்டம், கட்டுகஸ்தோட்டையில் குளிக்கிற யானை. எல்லோருக்கும் போகிற கப்பலும் ஒன்று.

கம்பெனி அவர்களைக் காரில் கண்டிக்குக் கொண்டுவந்து அன்றே கப்பலுக்குத் திருப்பிவிடும்; அதற்கு நேரம் பிரிக்கிற வேலை உன்னுடையது. நீ பிரித்த விதம்தான் எங்களுக்குப் புதிது. மற்றவர்கள் காலையிலிருந்து எண்ணுவார்கள். நீ சாயங்காலத்திலிருந்து எண்ணினாய்.

"கப்பல் எத்தனை மணிக்குப் போகுதுங்கிறது நமக்கு வேணாம் நானா. கடைசிப் படகு எத்தனை மணிக்கு ஜெட்டிய விட்டுக் கெளம்புதுன்னு மட்டும் கேட்டுட்டு வாங்க," என்பாய்.

ஆறு மணிக் கப்பல் என்றால் கடைசிப் படகு ஐந்துக்கு. அதிலிருந்து நீ பின்னால் வருவாய். காரிலிருந்து இறங்கிப் படகுக்கு நடக்கக் கால் மணி. ஓட்டத்துக்கு மூன்று மணி. களனிப் பாலத்து மாட்டுவண்டிக் கூட்டத்துக்குக் கொஞ்சம். டயர் வெடித்தாலும் வெடிக்காவிட்டாலும் அதற்கு ஒரு அரை மணி. கடுகண்ணாவை மலை இறக்கத்தில் பிரேக் ஆறுவதற்குப் பத்து நிமிடம். இத்தனையும் கழித்துவிட்டுத் தீப்பெட்டிகளை ஓரமாகத் தள்ளிவைத்துச் சொல்வாய்: "மிச்சம் இருக்கிறதுதான் கண்டி. அதுக்குள்ள என்னத்தைக் காட்ட முடியுமோ காட்டுவோம்."

இன்னொன்றும் வைத்திருந்தாய். பின்னால் கரையிறங்கினவர்களை முன்னால் திருப்பி அனுப்ப வேண்டும் என்பது. நான் வாதாடினேன். அவர்கள் கண்டியில் நிற்பதே கொஞ்ச நேரம், அதிலும் வெட்டலாமா என்று கேட்டேன்.

"முதல் வகுப்புக்காரன் பிந்தினா படகு நிக்கும் நானா," என்றாய். "இவங்க பிந்தினா யாரு நிறுத்துவா?"

இவ்வளவும் சொன்ன நீ அதுவரைக்கும் கடலையே பார்த்ததில்லை! கட்டுக்கலையில் பிறந்து, கண்டியில் படித்து, கண்டியிலேயே கந்தோருக்குப் போய்வந்த மனிதன். ஜெட்டியில் எத்தனை படி, லோஞ்சில் எத்தனை பேர், காற்றடித்தால் எத்தனை நிமிடம் என்று ஒவ்வொரு கப்பல் நாளும் என்னை அனுப்பி எண்ணிவரச் சொன்னாய். எனக்கு ஒருநாள் எரிச்சல் வந்துவிட்டது. "வா, நீயே வந்து எண்ணிப் பாரு," என்று காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனேன். தெரிந்த படகுக்காரன் ஒருவன் ஏற்றிக்கொண்டான். பாதி வழியில் நீ காலையில் சாப்பிட்ட இடியப்பம் முழுவதும் துறைமுகத்துக்குப் போய்விட்டது. ஒரு கையால் படகு விளிம்பைப் பிடித்துக்கொண்டு, மறுகையில் கடிகாரத்தை விடாமல் வைத்திருந்தாய். கப்பலோரம் போய்ச் சேர்ந்ததும் வாயைத் துடைத்துக்கொண்டு நீ சொன்ன முதல் வார்த்தை, "பதினெட்டு நிமிஷம்." படகுக்காரன் இன்றைக்கும் என்னைக் கண்டால் பதினெட்டு நிமிஷம் ஐயா சுகமா என்றுதான் விசாரிப்பான். நீ இல்லை என்று அவனிடம் சொல்ல எனக்கு மனம் வந்ததில்லை.

பிறகு, இப்போது விலகுகிற இந்தத் துரை புதிதாக வந்தார். நல்ல உயரம், நல்ல குரல். அவர் வேலை பார்த்த ஊர்களில் கப்பல் கரையோடு ஒட்டி நிற்குமாம். பலகை வழியாக நடந்து ஏறிவிடலாமாம். அந்தப் பழக்கத்தில், தந்தியில் ஆறு மணி என்று கண்டால் ஆறு மணிக்குக் கரைக்கு வந்தால் சரி என்று அவர் எடுத்துக்கொண்டார். நீ படகுக் கதையைச் சொன்னாய். ஏழு கடல் சுற்றினவருக்குக் கண்டிக் கிளாக்கர் கடலைப் பற்றிச் சொல்வதா? உன் தீப்பெட்டிகளை அவர் பிரம்பால் தட்டிவிட்டதை நான் என் கண்ணால் பார்த்தேன். நீ குனிந்து பொறுக்கி, திரும்ப அதே இடத்தில் அதே வரிசையில் அடுக்கினாய். அவர் நிற்கும்போதே அடுக்கினாய்.

அந்தக் கப்பல் நாள் உனக்கும் எனக்கும் மறக்கக்கூடியதல்ல. வழக்கம்போல ஏழாவது கார் என்னுடையது, காலையில் கடைசியாகக் கரையிறங்கினவர்கள் என் காரில். ஒரு கிழவரும் அவர் மகளும். அவுஸ்திரேலியாவுக்குக் குடிபோகிறார்கள். கிழவி கப்பலிலேயே தங்கிவிட்டாளாம். கால் வீங்கி, ஏணியில் இறங்கிப் படகில் கால்வைக்க அவளால் முடியவில்லை. நீங்கள் போய்ப் பார்த்துவிட்டு வந்து எனக்குச் சொல்லுங்கள் என்று அனுப்பினாளாம். மகள் வழிநெடுக எதையாவது குறித்துக்கொண்டே வந்தாள். அம்மாவுக்குச் சொல்ல வேண்டுமே.

மதியம் ஹோட்டல் முகப்பில் எல்லோரும் சாப்பிட்டு முடித்து நிற்கிறார்கள். நீ கார்களின் ஓரமாக நடந்து வந்தாய், ஒவ்வொரு காராக. "ஒரு மணிக்கு எடுத்துருங்க. யானை வேணாம். நேரா எறங்குங்க," என்றாய். அதற்குள் துரை படியில் வந்து நின்று சத்தமாக அறிவித்தார். யானைகளைப் பார்த்த பிறகுதான் புறப்பாடு, இரண்டு மணிக்கு. எவனாவது முந்தினால் அவன் பெயர் கம்பெனியின் கார்ப் பட்டியலில் இருக்காது.

நீ சொன்னது என் காதில் விழுந்தது தம்பி. இதை முதன்முதலாக எழுதுகிறேன். என் முகத்துக்கு நேரே நின்று சொன்னாய், எப்படி விழாமல் போகும்? நான் குனிந்து எஞ்சினுக்குள் எதையோ பார்ப்பதுபோல் பார்த்தேன். பட்டியலில் பெயர் போனால் அந்தக் காரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது என்ற பயம். மற்ற ஆறு பேரும் அசையவில்லை. நானும் அசையவில்லை.

யானை குளித்தது. துரை கைகாட்டிக் காட்டிச் சிரித்தார். நீ ஆற்றங்கரையில் நேரப் புத்தகத்தோடு நின்று, கார் ஒவ்வொன்றும் புறப்பட்ட நேரத்தை எழுதினாய். ஏழாவது கார், இரண்டு மணி ஏழு நிமிடம். ஆறு காரின் தூசியைத் தின்றுகொண்டு நான் ஓட்டினேன். கடுகண்ணாவை வளைவுகளில் கிழவருக்குத் தலைசுற்றி இரண்டு தரம் நிறுத்த வேண்டி வந்தது. மாவனல்லைக்குக் கீழே ஓட்டினதை ஓட்டம் என்று சொல்ல முடியாது, அது வேறு. ஜெட்டிக்கு வரும்போது ஐந்தும் இருபத்தைந்தும்.

கடைசிப் படகைக் கால் மணி நேரம் நிறுத்தி வைத்திருந்தார்கள். முதல் வகுப்புக்காரர்கள் வந்து சேரும்வரை. மற்ற ஆறு காரின் ஆட்களும் அதில் ஏறிப் போய்விட்டார்கள். எங்களுக்காக நிறுத்த யாருமில்லை, நீ சொன்னபடியே. வாடகைக்கு ஒரு படகு பேசிப் பிடிக்கவே கால் மணி போயிற்று. கிளம்பிப் பாதிக்குக்கூடப் போகவில்லை, ஆறுக்குப் புறப்பட வேண்டிய கப்பல் ஏணியைத் தூக்கிவிட்டது. மேல்தட்டில் எத்தனையோ பேர் நின்று கையசைத்தார்கள். அதில் கால் வீங்கின அந்தக் கிழவி இருந்தாளா என்று தெரியவில்லை. மகள் எழுந்து நின்று கத்தினாள். படகு ஆடியது. நான் அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தேன்.

கரைக்குத் திரும்பினதும் அவள் என்னிடம் ஒன்றுதான் கேட்டாள். "இப்படி ஆகும் என்று உனக்குத் தெரியாதா?"

தெரியாது என்று தலையாட்டினேன்.

அவுஸ்திரேலியாவுக்குப் போகிற அடுத்த கப்பலுக்கு அவர்கள் மூன்று வாரம் கொழும்பில் காத்திருந்தார்கள். கிழவி தனியாகவே அந்தத் தேசத்தில் போய் இறங்கியிருப்பாள், கையைப் பிடித்து இறக்கிவிட யாரும் இல்லாமல்.

கந்தோரில் விசாரணை வந்தது. குற்றம் கார்க்காரன் மேல் என்று எழுதினால் எல்லாம் லேசாக முடிந்துவிடும். ஆறு கார் பிடித்த படகை ஏழாவது கார் விட்டது என்றால் பிழை ஏழாவது காரில்தானே? கேட்பவர்களுக்கு நியாயமாகவே இருக்கும். எழுதிவிட்டால் என் லைசன்ஸ் போகும், பொழைப்பு போகும். அதற்கு ஒன்றுதான் தடை, உன் நேரப் புத்தகம். நான் வெளி விறாந்தையில் நிற்கிறேன், கதவு திறந்திருக்கிறது. ஏழு நிமிடத்தை நாற்பது நிமிடமாகத் திருத்தச் சொன்னார் துரை. நீங்கள் பேசினது இங்கிலீஷ்தான், ஆனால் கப்பல்காரர்களோடு இத்தனை வருஷம் குப்பை கொட்டினவனுக்கு அவ்வளவு புரியாதா?

நீ புத்தகத்தைத் திறந்தாய். பேனாவை மையில் தொட்டாய். பிறகு புத்தகத்தை அப்படியே திருப்பி அவர் பக்கம் தள்ளி, பேனாவையும் அவர் முன்னால் வைத்தாய்.

"நீங்களே திருத்துங்கள் ஐயா. உங்கள் கையெழுத்திலேயே இருக்கட்டும். அந்தக் கார் நீங்கள் சொன்ன நேரத்துக்குப் புறப்பட்டது. நான் சொன்ன நேரத்துக்குப் புறப்படவில்லை. பிழை அது மட்டும்தான்."

அவர் பேனாவைத் தொடவில்லை. உன்னைத்தான் வெளியே போகச் சொன்னார். நீ கதிரையைப் பின்னால் தள்ளி எழுந்தாய், மூலையில் இருந்த குடையை எடுத்தாய், புளியங்கொட்டையையும் வழித்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டாய். விறாந்தையில் என்னைத் தாண்டும்போது, வேலை போனவன் மாதிரியா பேசினாய்? "நானா, வண்டி எங்க நிக்குது? கட்டுக்கலையில என்னைய எறக்கி விடுங்க, மழை வரப் போகுது," என்றாய்.

காரில் ஏறின பிறகுதான் கேட்டாய். "ஒரு மணின்னு நான் சொன்னது உங்களுக்குக் கேக்கலையா நானா?"

"எஞ்சின் சத்தத்துல வெளங்கல்ல தம்பி," என்றேன்.

"அப்படியா," என்றாய். முகப்பில் நின்ற ஏழு காரிலும் எஞ்சின் ஓடவில்லை என்பது உனக்குத் தெரியாதா? வாவிக்கட்டு தாண்டினதும் அந்தப் பெண் எங்கே தங்கியிருக்கிறாள், அவளுக்கு உடுதுணி இருக்கிறதா என்று விசாரித்தாய்.

எங்களுக்கு அடுத்த கப்பல், வேறு தேசத்துக்குப் போகிறது, பன்னிரண்டு நாளில். அந்தப் பன்னிரண்டு நாளும் நான் அலைந்தேன். ஆறு கார்க்காரர் வீட்டுக்கும் போனேன். ஒருவன் மனைவியைக் காட்டி மறுத்தான், ஒருவன் கடவுளைக் காட்டி மறுத்தான். விடவில்லை. கட்டுகஸ்தோட்டை ஹமீதிடம் மட்டும் நாலு தரம் போனேன். உன் பிள்ளை ஜெட்டியில் நின்றால் என்ன செய்வாய் என்று கேட்டேன். கடைசியில், "நீ மொதல்ல எடுத்தா நானும் எடுப்பேன்," என்றான்.

கப்பல் நாள் வந்தது. அதே ஹோட்டல் முகப்பு, அதே இரண்டு மணி உத்தரவு. மாளிகைப் பக்கம் மணி ஒன்று அடித்ததும் நான் இறங்கி முன்னால் போய்க் கைப்பிடி போட்டு எஞ்சினைச் சுற்றினேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், கடைசிப் படகு ஐந்து மணிக்கு, வராதவர் கண்டியிலேயே குடியிருக்கலாம் என்று கத்தினேன். அடுத்து ஹமீதின் கார் உறுமியது. பிறகு மற்றவை. சாப்பாட்டு மேசையிலிருந்து வெள்ளைக்காரர்கள் கைக்குட்டையோடு ஓடிவந்த ஓட்டம் இருக்கிறதே! முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்ற பேதமே அன்று இல்லை.

துரை படியில் நின்று சத்தம் போட்டார். பெயரை வெட்டிவிடுவேன் என்றார்.

"வெட்டுங்க துரை, ஏழு பேரையும் வெட்டுங்க," என்றேன். "வெள்ளிக்கிழம அடுத்த கப்பல். ஆக்கள நீங்க தோள்ல தூக்கிட்டுப் போங்க."

வாவிக்கட்டில் நீ குடையை ஊன்றிக்கொண்டு நின்று பார்த்தாய். நாங்கள் தாண்டிப் போகும்போது ஒவ்வொரு காராக விரல்விட்டு எண்ணினாய். ஏழாவதாகப் போனவன் நானல்ல, அன்றைக்கு நான் முதல் கார். என் காரில் இருந்தவர்கள் காலையில் கடைசியாகக் கரையிறங்கினவர்கள்.

அதன் பிறகு அச்சடித்த நிகழ்ச்சிநிரலில் கடைசிப் படகின் நேரம் மேலே வந்தது. உன்னைத் திரும்ப எடுக்க மட்டும் துரை சம்மதிக்கவில்லை. நாங்கள் இன்னொரு தரம் மல்லுக்கு நிற்கத் தயாரானோம். நீதான் தடுத்தாய். "திரும்பப் போறதா இருந்தா அன்னைக்குக் குடையை அங்கயே விட்டுட்டு வந்திருப்பேனே," என்றாய். மரம் அறுத்து விற்கிற மரக்காலையில் எழுத்து வேலைக்குப் போனாய். கப்பல் தந்தி வந்தால் நாங்கள் கந்தோருக்குப் போகுமுன் மரக்காலைக்கு வருவோம். மரத்தூள் பறக்கிற பலகைமேல் நீ புளியங்கொட்டையை அடுக்குவாய். அடுக்கினதை நாங்கள் கந்தோரில் போய் ஒப்பிப்போம், துரை எழுதிக்கொள்வார். அப்படித்தான் அவர் அரிய திட்டம் வகுத்தார்.

மலேரியா ஊரை வாரிக்கொண்டு போன அந்த வருஷம் உன்னையும் கொண்டுபோனது. நான் வந்தபோது நீ கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாய். அன்றைக்கு எனக்குக் கேட்டது என்று சொல்லிவிடத்தான் வந்தேன். அறை முழுக்க உன் சொந்தக்காரர்கள். அவர்கள் முன்னால் எப்படிச் சொல்வது என்று நின்றேன், பிறகு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனேன். பிறகு வந்தபோது வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள்.

நேற்று ஜும்ஆத் தொழுகை முடிந்து கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் நிற்கிறேன். மற்ற கார்க்காரர்கள் வந்து சூழ்ந்துகொண்டார்கள். நான் கையெழுத்துப் போடாததால் பத்திரம் நிற்கிறது, கம்பெனி கோபமாக இருக்கிறது, இந்த வயதில் உனக்கு ஏன் இந்தப் பிடிவாதம் என்று ஆளுக்கொரு வார்த்தை.

"அந்தக் கிளாக்கர் முன்னாடியே உரக்கச் சொல்லியிருந்தா அன்னைக்குப் பிரச்சினையே இல்லியே," என்றான் ஒருவன். "நமக்குக் கேக்காம மெதுவாச் சொன்னா யாரு பொறுப்பு?"

எனக்கு உடம்பு பற்றியெரிந்தது. பிறகு அவன்மேல் எனக்கு என்ன கோபம் என்று யோசித்தேன். கேட்கவில்லை என்ற பொய்யை முதலில் ஊரில் சொல்லி அவனுக்குக் கொடுத்ததே நான்தான்.

"எனக்குக் கேட்டிச்சு," என்றேன். "பக்கத்துல நிண்டு சொன்னான். பயத்துல தலையக் குனிஞ்சிக்கிட்டேன். அவன்ட வேலைய எடுத்தது துரை மட்டுமில்ல, நானும்தான்."

கீழே ஆற்றில் யாரோ துணி அடித்துத் துவைத்துக்கொண்டிருந்தார்கள். ஹமீது தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

"எனக்கும் கேட்டிச்சு நானா," என்றான்.

பிறகு இன்னொருவன், கீழே பார்த்தபடி. பிறகு இன்னொருவன். அன்றைக்கு முகப்பில் நின்றவர்களில் உயிரோடு இருக்கிற அத்தனை பேருக்கும் கேட்டிருக்கிறது தம்பி. இத்தனை வருஷமாக ஒருவன் முகத்தை ஒருவன் பார்த்துக்கொண்டு, கேட்கவில்லை என்று ஊரை நம்பவைத்திருக்கிறோம்.

பத்திரத்தில் இனி எவன் கையெழுத்தும் விழாது. கம்பெனி எங்களைத் தள்ளினால் தள்ளட்டும். எஞ்சின் சத்தம் என்று உன்னிடம் சொன்ன பொய்யை நான் என்ன செய்தும் திரும்ப வாங்க முடியாது. அந்த வெட்கம் என்னோடு மண்ணுக்கு வரும். அதை மறைத்து எவனும் எனக்கு நல்ல பெயர் வாங்கித் தர வேண்டாம். இனிமேல் யார் கேட்டாலும், கேட்காவிட்டாலும், பாலத்தடியிலும் ஜெட்டியிலும் துரையின் முகத்துக்கு நேரேயும் சொல்வேன்: அவன் சரியாகத்தான் சொன்னான், எங்களுக்கு நன்றாகத்தான் கேட்டது.